பிறர்க்குக் காட்டும் பரிவு தமக்கும் உண்டா?

"மகள் என்ன படிக்கிறாள்?" என்று உறவினர் ஒருவர் கேட்கிறார். "சமூகப்பணியில் முதுகலை" என்று பெற்றோர் விடையளிக்கின்றனர். "புண்ணியமான படிப்பு" என்கிறார் அவர், சற்றுப் பொறுத்து, "அதற்குச் சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?" என்றும் கேட்கிறார். பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்தப் படிப்பு அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

மருத்துவம் படிக்கும் பிள்ளை கண்விழித்துப் படித்தால் வீடே அதற்காக இரங்குகிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைக்குத் தேர்வு நெருங்கினால் வீட்டில் தொலைக்காட்சி வாய்மூடுகிறது. ஆனால், பிறர் துயரைக் கேட்பதையே பாடமாகக் கொண்ட பிள்ளை மாலையில் வீடு திரும்பும்போது எதைச் சுமந்து திரும்புகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. புத்தகப் பையைப் போல அது தோளில் தொங்குவதில்லை அன்றோ!

சமூகப்பணி பயிலும் மாணவ மாணவியரின் அந்தச் சுமையைப் பற்றியும், அதனைத் தாங்குவதற்கு அவர்கள் கற்கவேண்டிய ஒரு பண்பைப் பற்றியும் ஈண்டுச் சிந்திப்போம். அந்தப் பண்பிற்குத் தன்பரிவு என்று பெயர். தன்மீது தான் கொள்ளும் பரிவு என்பது அதன் பொருள்.

இரண்டு வகுப்பறைகள்

நம் நாட்டில் சமூகப்பணி முறையான கல்வியாகத் தொடங்கியது 1936ஆம் ஆண்டில். கிளிஃபோர்டு மேன்ஷார்ட் என்னும் அமெரிக்க மறைப்பணியாளரின் முயற்சியால், சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரில் பம்பாயில் ஒரு பள்ளி தோன்றிற்று. அதுவே 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்றது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. இன்று தமிழகத்தின் பல ஊர்களிலும் கல்லூரிகள் இப்படிப்பை வழங்குகின்றன.

இப்படிப்புக்கு வகுப்பறைகள் இரண்டு. ஒன்று கல்லூரிக்குள் இருப்பது. மற்றொன்று கல்லூரிக்கு வெளியே இருப்பது. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்திற்கு இரண்டு நாள் களப்பணி என்று ஒதுக்கப்படுகிறது. அந்த நாள்களில் மாணவர்கள் அரசு மருத்துவமனைக்கும், சிறார் கூர்நோக்கு இல்லத்திற்கும், குடிநோயர் மறுவாழ்வு மையத்திற்கும், முதியோர் இல்லத்திற்கும், குடிசைப் பகுதிகளுக்கும் அனுப்பப்படுகின்றனர். அங்கே கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் அறிக்கையாக எழுதி ஆசிரியரிடம் கொடுக்கவேண்டும். ஆசிரியர் அவர்களைத் தனித்தனியாகவும் குழுவாகவும் சந்தித்து அதனைப் பற்றி உரையாடவேண்டும். இதுவே முறை.

இருபத்தொன்று அல்லது இருபத்திரண்டு வயது. அதுவரை புத்தகத்திலும் திரைப்படத்திலும் மட்டுமே கண்ட துன்பத்தை முதன்முறையாக நேருக்கு நேர் காண்கின்றனர். தீக்காயப் பிரிவில் ஓர் இளம்பெண் உண்மையான காரணத்தைச் சொல்லாமல் "அடுப்பு வெடித்தது" என்கிறாள். முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் வாசலில் நின்றுகொண்டு, வராத மகனுக்காகக் காத்திருக்கிறார். இவர்கள் அருகில் அமர்ந்து கேட்கவேண்டும். மாலை ஐந்து மணிக்குக் குறிப்பேட்டை மூடலாம். நெஞ்சை மூடுவது எங்ஙனம்?

சுமை எங்கிருந்து வருகிறது?

ஒரு மாணவியை மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். அவளுக்குக் களப்பணி ஒரு குடிசைப் பகுதியில். பள்ளியை விட்டு நின்றுபோன பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அவள் சந்திக்கிறாள். தந்தை குடிப்பழக்கத்திற்கு அடிமை. தாய் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். ஆறு வாரம் தவறாமல் சென்று, தாயிடம் பேசி, தலைமையாசிரியரிடம் மன்றாடி, சிறுவனை மீண்டும் பள்ளியில் சேர்த்துவிடுகிறாள். ஏழாம் வாரம் சென்று பார்த்தால் அவன் வெல்டிங் பட்டறையில் வேலைக்குப் போய்விட்டான். அறிக்கையைத் திருத்தியவர் சிவப்பு மையில் "தொடர்முயற்சி போதாது" என்று எழுதுகிறார். அன்றிரவு அவளுக்கு உறக்கம் வரவில்லை. "என்னால் ஒரு சிறுவனைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை, நான் இந்தப் படிப்புக்கே தகுதியற்றவள்" என்று உள்ளம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

இந்த வேதனைக்கு ஒன்றல்ல, பல வேர்கள் உண்டு. முதலாவது, வயதும் அனுபவமும் போதாமை. இரண்டாவது, சொந்தக் காயம். இப்படிப்பை நாடி வருவோருள் பலர் தம் வீட்டிலேயே வறுமையையோ, குடியையோ, பிரிவையோ கண்டு வளர்ந்தவர்கள். "நான் பட்டதை இன்னொருவர் படக்கூடாது" என்ற எண்ணமே அவர்களை இங்கே அழைத்து வருகிறது. அது மேலான எண்ணம். ஆயினும், அந்தச் சிறுவனின் தந்தையைப் பார்க்கும்போது அவள் தன் தந்தையையும் பார்க்கிறாள் என்றால், அவள் சுமப்பது ஒரு சுமையன்று, இரண்டு.

மூன்றாவது, கையறு நிலை. கைம்பெண் ஒருவருக்கு உதவித்தொகை கிடைக்கவேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு அலுவலகம் பத்துமுறை அலைய வேண்டும். மாணவர் கையில் அதிகாரம் இல்லை, காலமும் இல்லை. பருவம் முடிந்தால் அவர் வேறிடத்திற்குச் சென்றுவிடவேண்டும். எனினும் "என்னால் முடியவில்லை" என்ற பழி அவர் தலைமீதே விழுகிறது. அதனை அவரே தம்மீது போட்டுக்கொள்கிறார்.

நான்காவது, மறைகாக்கும் கடமை. உதவி நாடி வருவோர் சொன்னதை வெளியில் சொல்லக்கூடாது என்பது இப்பணியின் கண்டிப்பான நெறி. ஆகவே வீட்டில் தாய் "ஏனம்மா முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்றே விடை வருகிறது.

ஐந்தாவது, யாவற்றினும் கொடியது, அது வெட்கம். "பிறர்க்கு ஆறுதல் சொல்லப் படிக்கும் நானே அழுதால் உலகம் என்ன சொல்லும்? மனநலம் பற்றித் தேர்வெழுதிய நானே மனநல மருத்துவரிடம் போவதா?" என்ற வெட்கம் அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறது. மருந்துக் கடை வைத்திருப்பவர் காய்ச்சல் வந்தால் மருந்து உண்ண வெட்கப்படுவதில்லை. மனத்துக்கு வரும் காய்ச்சலுக்கு மட்டும் நாம் வேறு நீதி வைத்திருக்கிறோம்.

கருகும் திரி

இந்நிலை நீடித்தால் என்ன ஆகும்? ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலார் நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றி வந்தார். ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் சில காலத்திலேயே உடலும் உள்ளமும் வறண்டு போவதை அவர் கண்டார். தமக்கும் அது நேர்ந்ததை உணர்ந்தார். 1974இல் அதனைப் பற்றி எழுதியபோது 'பர்ன் அவுட்' என்னும் பெயரை இட்டார். எண்ணெய் வற்றியபின் விளக்கில் திரியே கருகுகிறதல்லவா? அதுபோன்ற நிலை இது. தமிழில் இதனைப் பணிச்சோர்வு எனலாம்.

பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் பேராசிரியை, சூசன் ஜாக்சன் என்பவருடன் சேர்ந்து இதனை அளப்பதற்கு 1981இல் ஓர் அளவுகோல் வகுத்தார். பணிச்சோர்வுக்கு மூன்று முகங்கள் உண்டு என்பது அவர்கள் கண்ட உண்மை. உணர்வு வறண்டுபோதல் ஒன்று. உதவி நாடி வருவோரை மனிதராக எண்ணாமல் பொருளாக எண்ணத் தொடங்குதல் இரண்டு. 'நான் செய்வதால் பயனேதும் இல்லை' என்று தன் பணியையே இழிவாக மதித்தல் மூன்று.

இவற்றுள் இரண்டாவது முகத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அந்தச் சிறுவனின் பெயரைச் சொல்லிக் கண்கலங்கியவள், சில ஆண்டுகளுக்குப் பின் "அந்த டிராப் அவுட் கேஸா? அது தேறாது" என்று சொல்லக்கூடும். அவள் தீயவளாக மாறிவிடவில்லை. வலி தாங்காத உள்ளம் தன்னைக் காத்துக்கொள்ளத் தோலைத் தடிப்பாக்கிக்கொண்டது, அவ்வளவே. ஆனால் அந்தத் தடித்த தோலின்மீது வந்து மோதுபவர் யார்? அடுத்து உதவி நாடி வரும் ஏழை. ஆகவே ஒரு மாணவியின் மனநலம் அவளுடைய சொந்த விவகாரம் மட்டுமன்று. அவளை நம்பி நாளை வரப்போகும் நூறு பேரின் நலமும் அதில் அடங்கியிருக்கிறது.

தன்பரிவு என்பது யாது?

டெக்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்டின் நெஃப் 2003ஆம் ஆண்டில் தன்பரிவுக்குத் தெளிவான வரையறை ஒன்றையும், அதனை அளக்க 26 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றையும் வெளியிட்டார். அவர் கூறும் தன்பரிவு மூன்று புரிகள் கொண்ட கயிறு போன்றது.

முதற்புரி, தன்னிடம் கனிவு. நம் மாணவியின் தோழிக்கு இதே தோல்வி நேர்ந்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? "நீ ஆறு வாரம் அலைந்தாய். உன்னால் இயன்றதைச் செய்தாய். இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்கு, நாளைக்கு இருவரும் யோசிப்போம்" என்றிருப்பாள். தோழிக்குச் சொல்லும் இச்சொற்களைத் தனக்குச் சொல்லிக்கொள்ள அவளுக்கு நா எழவில்லை. தோழிக்கு ஒரு நாக்கு, தனக்கு ஒரு சாட்டை! அந்தச் சாட்டையைக் கீழே வைப்பதே முதற்படி.

இரண்டாம் புரி, மானிடப் பொதுமை. துன்பத்தில் இருப்பவருக்கு 'எனக்கு மட்டுமே இப்படி' என்று தோன்றும். மற்ற மாணவர்கள் யாவரும் திறமையாகச் செயல்படுவதாகவும் தான் மட்டும் தடுமாறுவதாகவும் தோன்றும். உண்மை அதுவன்று. தவறுவதும் தளர்வதும் மனிதர் எல்லார்க்கும் பொது. சமூகப்பணியின் முன்னோடியாகப் போற்றப்படும் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1881இல் தந்தையார் இறந்தார். அதன்பின் அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதுகெலும்பு நோயாலும் நரம்புத் தளர்ச்சியாலும் படிப்பைக் கைவிட்டார். என்ன செய்வதென்று அறியாமல் பல ஆண்டுகள் மனச்சோர்வில் அலைந்தார். 1889இல் அவர் சிகாகோவில் ஏழைக் குடியேறிகளுக்காக ஹல் இல்லத்தைத் தொடங்கினார். 1931இல் அவருக்கு அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தது. தளர்ந்து விழுந்த ஆண்டுகள் அவரைத் தகுதியற்றவராக ஆக்கிவிடவில்லை.

மூன்றாம் புரி, விழிப்புணர்வு. வலியை மறைக்காமலும், அதில் மூழ்கிப்போகாமலும் உள்ளதை உள்ளபடி காண்பது இது. "நான் கவலையாக இருக்கிறேன், சிறுவன் பட்டறைக்குப் போனதால் எனக்கு வருத்தம், அறிக்கையில் எழுதியிருந்தது என்னைக் குத்தியது" என்று பெயரிட்டுச் சொல்வது. பெயரிடப்பட்ட வலி பாதி அடங்கிவிடுகிறது. பெயரிடப்படாத வலியோ 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற பொய்த் தீர்ப்பாக வேடமிட்டு வருகிறது.

பாடத்தில் உள்ளதே பாதை

இப்பண்பைக் கற்பதற்கு நம் மாணவர்கள் புதிய நூலைத் தேட வேண்டியதில்லை. அவர்கள் பாடத்திலேயே அது இருக்கிறது. சமூகப்பணி மாணவர் அனைவரும் மனப்பாடமாகச் சொல்லும் ஏழு நெறிகள் உண்டு. அவற்றை வகுத்தவர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்னும் இயேசு சபைக் குரு. சிகாகோ நகரின் லொயோலாப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் பேராசிரியராக விளங்கிய அவர், 1957இல் வெளியிட்ட நூலில், உதவி செய்வோருக்கும் உதவி நாடுவோருக்கும் இடையே நிலவவேண்டிய உறவை ஏழு நெறிகளாக விளக்கினார். ஒவ்வொருவரையும் தனித்தன்மை உள்ளவராகக் காணுதல், அவர் தம் உணர்வுகளை வெளியிட இடமளித்தல், அவர் உணர்வில் கட்டுப்பாட்டுடன் பங்குகொள்ளுதல், அவரை உள்ளவாறே ஏற்றல், அவர்மீது தீர்ப்பிடாமை, தம் முடிவைத் தாமே எடுக்கும் அவர் உரிமையை மதித்தல், மறைகாத்தல் ஆகியன அவை.

இந்நெறிகள் பிறரிடம் நடந்துகொள்வதற்கு என்றே எழுதப்பட்டவை. எனினும் ஒவ்வொரு மாணவரும் அவற்றைக் கண்ணாடி முன் நின்று ஒருமுறை தமக்கும் சொல்லிப் பார்க்கட்டும். குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்தவனிடம்கூட, செயலைக் கண்டிக்கிறேன், ஆனால் ஆளைத் தள்ளிவிடமாட்டேன் என்று அமர்ந்து பேசக் கற்றவர், தம் களப்பணியில் நேர்ந்த சிறு பிழைக்காகத் தம்மையே தள்ளிவிடலாமா? அவருடைய கண்ணீருக்கு இடமளிக்கும் மாணவர் தம் கண்ணீருக்கு இடம் மறுக்கலாமா? சிறுவன் பட்டறைக்குச் சென்றது அவனும் அவன் குடும்பமும் வறுமையின் நெருக்கடியில் எடுத்த முடிவு. அதனை மாற்ற மீண்டும் முயலலாம், முயலவும் வேண்டும். ஆனால் அதன் முழுப்பொறுப்பையும் தன் தலையில் ஏற்றிக்கொள்வது அன்புமன்று, பணிவுமன்று. எல்லாம் என் கையில் இருக்கிறது என்று எண்ணுவது, நுட்பமாகப் பார்த்தால், ஒருவகைப் பெருமையே ஆகும்.

மூன்று ஐயங்கள்

நம் வாசகர் சிலருக்கு இப்போது ஐயங்கள் எழலாம். அவை நியாயமானவை.

'இது தன்னிரக்கம் அன்றோ?' என்பது முதல் ஐயம். தன்னிரக்கம் வேறு, தன்பரிவு வேறு. தன்னிரக்கம் 'ஐயோ, எனக்கு மட்டும் ஏன்?' என்று கேட்டு மூலையில் அமர்கிறது. தன்பரிவு 'எல்லார்க்கும் வருவது எனக்கும் வந்தது. இனி ஆகவேண்டியது என்ன?' என்று கேட்டு எழுகிறது.

'இது மாணவரைச் சோம்பேறியாக்காதோ? தவறு செய்தவரைத் தட்டிக்கொடுத்தால் மீண்டும் அதே தவறைச் செய்வாரே!' என்பது இரண்டாம் ஐயம். இதனைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஜூலியானா பிரைன்ஸ், செரினா சென் ஆகியோர் சோதித்துப் பார்த்தனர். மாணவர்களுக்குக் கடினமான சொற்றேர்வு ஒன்றை வைத்தனர். பலரும் தடுமாறினர். ஒரு பிரிவினரிடம் 'இத்தேர்வு பலருக்கும் கடினமாகத்தான் இருக்கும். உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள்' என்ற பொருள்படக் கூறினர். மற்றொரு பிரிவினரிடம் அவர்களது அறிவுத்திறனைப் புகழ்ந்து கூறினர். இன்னொரு பிரிவினரிடம் எதுவும் கூறவில்லை. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் யார்? பரிவான சொல் கேட்டவர்களே. 2012இல் வெளியான இவ்வாய்வு நமக்குக் கற்பிப்பது யாது? சாட்டைக்கு அஞ்சும் மனம் தன் தவறை ஒளிக்கும். பரிவை உணர்ந்த மனம் தன் தவறைக் கண்கொண்டு பார்த்துத் திருத்திக்கொள்ளும். உண்மையான தவறு நேர்ந்திருந்தால் அதனை ஒப்புக்கொண்டு சீர்செய்யவே வேண்டும். 'நான் செய்தது தவறு' என்பது வளர்ச்சிக்கு வழி. 'நானே ஒரு தவறு' என்பது அழிவுக்கு வழி.

'இது தன்னலம் அன்றோ? தியாகம் செய்யவன்றோ நாம் கற்பித்தோம்?' என்பது மூன்றாம் ஐயம். கிறிஸ்தவக் குடும்பங்களில், அதிலும் பெண்பிள்ளைகளிடம், இவ்வையம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆண்டவர் பிறரன்புக் கட்டளையைத் தந்தபோது, பிறரை நேசிப்பதற்கு அளவாக நம்மை நாம் நேசிப்பதையே வைத்தார் என்பதை மறந்துவிட்டோம். அளக்கும் படியே உடைந்து கிடந்தால் எதைக் கொண்டு அளப்பது? இறைவாக்கினர் எலியாவின் வரலாறும் நாம் அறிந்ததே. பெரும்பணி ஆற்றியவர் அவர். பின்னர் அச்சத்தாலும் சோர்வாலும் பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ்ப் படுத்து, வாழ்வு போதுமென்று சாவை வேண்டினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரையும் கூறவில்லை. உறங்கவிட்டார். வானதூதர் அப்பமும் தண்ணீரும் தந்து உண்ணச் செய்தார். மீண்டும் உறங்கவிட்டார், மீண்டும் உணவளித்தார். நெடும்பயணமும் புதிய பணியும் அதன் பின்னரே வந்தன. சோர்ந்தவருக்கு முதலில் தேவை உறக்கமும் உணவும் ஒரு துணையும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

உலகச் சமூகப்பணியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018இல் ஏற்றுக்கொண்ட அறநெறிக் கோட்பாடுகளும், சமூகப்பணியாளர் தம்மைப் பேணிக்கொள்வதை அவர்களுடைய கடமை என்றே கூறுகின்றன. சலுகை என்று கூறவில்லை. கடமை என்றே கூறுகின்றன.

தன்பரிவு மட்டும் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'உன்னை நீயே பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டுச் சுமையைக் குறைக்காமல் இருப்பதும் கொடுமையே. முதுகொடியப் பாரமேற்றிவிட்டு மாட்டிற்குப் பொறுமையைப் போதிப்பதற்கு அது ஒப்பாகும். ஒரே ஆசிரியரின் பொறுப்பில் அளவுக்கு மீறிய மாணவர்கள், மாதத்திற்கு ஒருமுறைகூட நடவாத தனிச்சந்திப்பு, பாதுகாப்பற்ற களம், பேருந்துச் செலவுக்குப் பணமின்றிப் பட்டினி கிடக்கும் மாணவர், படித்து முடித்தபின் வாழ்க்கைக்குப் போதாத ஊதியம் ஆகியவற்றைத் தன்பரிவு தீர்த்துவிடாது. இவற்றைத் தீர்க்கவேண்டியவர்கள் கல்லூரிகளும் நிறுவனங்களும் அரசுமே. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. தொண்டு என்ற பெயரால் இளையோரின் உழைப்பை மலிவாகப் பெறுவது அறமாகாது.

நாம் செய்யத்தக்கவை

மாணவர்களே, களப்பணி முடிந்த மாலையில் அறிக்கை எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள். முகம் கழுவி, ஒரு குவளை தேநீர் அருந்தி, அன்று உங்கள் உள்ளத்தில் நிகழ்ந்ததை இரண்டு வரி எழுதுங்கள். தோழிக்கு எழுதுவது போல் எழுதுங்கள். உதவி நாடி வந்தவரின் பெயரையோ கதையையோ வீட்டில் சொல்லாதீர்கள். ஆனால் "இன்று என் மனம் பாரமாக இருக்கிறது" என்று சொல்வதற்கு எந்த நெறியும் தடையன்று. அதைச் சொல்லுங்கள். ஆசிரியருடனான தனிச்சந்திப்பில் சிறுவனைப் பற்றி மட்டுமன்றி உங்களைப் பற்றியும் பேசுங்கள். சொந்த வாழ்வின் காயத்தைத் தொடும் களமாக இருந்தால் அதனை மறைக்காமல் தெரிவியுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, சிவப்பு மையை விட்டுவிடுங்கள் என்று கூறவில்லை. குறையைச் சுட்டுமுன் முயற்சியையும் ஒரு வரியில் சுட்டுங்கள். 'தொடர்முயற்சி போதாது' என்பதற்கு முன் 'ஆறு வாரம் உழைத்திருக்கிறாய்' என்று எழுத அதிக மை செலவாகாது. நீங்கள் மாணவருடன் நடந்துகொள்ளும் முறையே, அவர் நாளை ஏழையுடன் நடந்துகொள்ளும் முறைக்கு முதற்பாடம்.

பெற்றோரே, "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டால் பிள்ளையால் விடை கூற இயலாது. "இன்று நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். விடை கிடைத்ததும் அறிவுரை கூறத் தொடங்கிவிடாதீர்கள். "இதற்குத்தான் வங்கித் தேர்வு எழுதச் சொன்னேன்" என்ற சொல் வேண்டவே வேண்டாம். சோறு போட்டு அருகில் அமருங்கள், அது போதும்.

சில அறிகுறிகளைக் கண்டால் காலம் தாழ்த்தலாகாது. இரண்டு வாரத்திற்கு மேலாக உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் மகிழ்ச்சியின்மை, காரணமற்ற அழுகை, எவரோடும் பேச விரும்பாமை, 'நான் இருந்தென்ன பயன்' என்ற பேச்சு ஆகியன அவை. இத்தகையோரைச் செபத்தோடு மட்டும் நிறுத்திவிடாமல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறும் உரிமையையும், அச்சிகிச்சை பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்படும் உரிமையையும் நமக்கு உறுதி செய்கிறது. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி நாடலாம்; தமிழிலும் பேசலாம். சாவைப் பற்றி ஒரு பிள்ளை பேசினால் அது விளையாட்டென்று தள்ளிவிடாமல், தனியே விடாமல், உடனே உதவி தேடுவது நம் கடன்.

பிறர் துயர் துடைக்கப் புறப்படும் இளையோர் ஒவ்வொரு ஆண்டும் நம் குடும்பங்களிலிருந்தே செல்கின்றனர். அவர்கள் நெடுங்காலம் இப்பணியில் நிலைத்திருக்க வேண்டும். நிலைத்திருக்கும் காலமெல்லாம் நெஞ்சின் ஈரம் வற்றாதிருக்க வேண்டும். அந்த ஈரத்தில் ஒரு பங்கு தமக்கும் உரியது என்பதை அவர்கள் அறியட்டும். அவர்கள் அதனை மறந்துபோகும் நாளில், நினைவூட்டுவதற்கு வீட்டில் ஒருவராவது விழித்திருப்போம்.